பதினான்கு இன்ச் பை

"பொருளைப் பார்த்துப் பை வாங்குவாங்களா, பையைப் பார்த்துப் பொருள் வாங்குவாங்களாப்பா?"

மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. கடையின் மூலையில், சக்கரம் கழன்ற பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து கால்களை ஆட்டிக்கொண்டிருந்தாள். பைக்காரர் உதட்டில் கவ்வியிருந்த ஊசியை எடுத்துவிட்டுச் சிரித்தார். பொருளைப் பார்த்துத்தான் பை என்று பதில் சொன்னார். அந்த வாரம் முழுக்கக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் மகள் கேட்டதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். பதில் தெரிந்த கேள்விதானே என்ற தைரியம் அவருக்கு.

பேருந்து நிலையத்துக்கு எதிரே மூன்று மாடிக் கட்டடம் ஒன்று. அதன் மாடிப்படிக்கு அடியில் இருந்த முக்கோண இடம்தான் அவருடைய கடை. நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். அதனால் காலையில் உட்கார்ந்தால் மாலையில்தான் எழுந்திருப்பார். ஒரு தையல் இயந்திரம், நூல்கண்டுகள், கம்பியில் வரிசையாகத் தொங்கும் ஜிப்புகள். பை கிழிந்தால் தைத்துக் கொடுப்பார், பிடி அறுந்தால் மாற்றிக் கொடுப்பார், கேட்டவர்களுக்குப் புதிதாகவும் தைத்துத் தருவார். எந்த ஜிப்பு சிக்கினாலும் மெழுகுவத்தித் துண்டால் நாலு தடவை தேய்த்துச் சரிசெய்துவிடுவார். அதற்குக் காசு வாங்க மாட்டார். அதனால் சுற்றுவட்டாரத்தில் அவருக்கு 'ஜிப்பு அண்ணன்' என்று பெயர். காலையில் இயந்திரத்தில் கை வைக்கும் முன் கண்ணை மூடி, "கடவுளே, இன்னிக்கு என் தையல் யாரையும் நடுவழியில விட்டுடக் கூடாது" என்று ஒரே ஒரு வரி வேண்டிக்கொள்வார். பெரிய வேண்டுதல் எதையும் அவர் கடவுளிடம் கொண்டுபோனதில்லை.

பன்னிரண்டு வருடம் கழித்து, மகளுக்குக் கட்டட வடிவமைப்புப் படிப்பில் இடம் கிடைத்தது. அவர்கள் குடும்பத்தில் கட்டடம் கட்டியவர்கள் உண்டு, சுண்ணாம்பு அடித்தவர்கள் உண்டு, படிக்கட்டுக்கு அடியில் பிழைப்பவரும் உண்டு. கட்டடத்தை முதலில் காகிதத்தில் நினைத்துப் பார்க்கப் போகிறவள் இவள்தான். சலவைக் கடையில் இஸ்திரி போடும் அவருடைய மனைவி, செய்தி வந்த அன்று யாரோ ஒருவருடைய வெள்ளைச் சட்டையைத் தீய்த்துவிட்டாள். முதலாளி திட்டியதைக்கூடச் சிரித்துக்கொண்டே வந்து சொன்னாள்.

படிப்புக்கு லேப்டாப் கட்டாயம் என்றார்கள். என்ன மாதிரி லேப்டாப் என்ற பட்டியலை வகுப்பு தொடங்கிய பிறகு கொடுப்பார்களாம். வீட்டில் சேர்த்து வைத்திருந்தது ஒரு லேப்டாப் வாங்கப் போதும். அது தவறிப்போனால் இன்னொன்று வாங்க அடுத்த ஐந்து வருடத்துக்கு வழியில்லை. இது மூன்று பேருக்கும் தெரியும். அதனால் மூன்று பேருமே அதைப் பற்றிப் பேசவில்லை.

வகுப்பு தொடங்க ஒரு மாதம் இருந்தது. அந்த ஒரு மாதத்தில்தான் பைக்காரர் அந்தத் தப்பைச் செய்தார். வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். லேப்டாப் வாங்குவதற்கு முன்பே அதற்குப் பை தைத்துவிட்டார்.

அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. மகள் ஒன்பது வயதில் இதே மாடிப்படியிலிருந்து விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டாள். எலும்பு கூடிவிட்டது, ஆனால் இடது தோள் கொஞ்சம் இறங்கியே நின்றுவிட்டது. கனமாக எதைத் தூக்கினாலும் சாயங்காலம் வலிக்கும். கல்லூரிக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும், இரண்டிலும் நின்றுகொண்டுதான் போக வேண்டும். பைக்காரர் இருபது வருடமாக லேப்டாப் பைகளைப் பார்த்தவர். பையைக் கையில் வாங்கியதுமே உள்ளே இருந்தது எத்தனை இன்ச் என்று சொல்லிவிடுவார். பதினைந்தரைக்கு மேல் போனால் பட்டை எந்த இடத்தில் அறும், அதைச் சுமந்தவருக்கு எந்தத் தோள் இறங்கியிருக்கும் என்பதுவரை அவருக்கு அத்துப்படி. அந்தப் பெரிய லேப்டாப்புகளின் சார்ஜரை அவர் செங்கல் என்றுதான் சொல்வார். பதினான்கு இன்ச்தான் மனிதனுக்கென்று செய்த அளவு என்பது அவர் கட்சி.

ஆகவே பதினான்கு இன்ச்சுக்கு அளவெடுத்தார். ஒரு கூடாரக்காரரிடமிருந்து மிஞ்சிய, தண்ணீர் புகாத கருநீலத் துணி. உள்ளே இரண்டு அடுக்குப் பஞ்சு. இடது தோளில் பாரம் விழாதபடி வலப்பக்கம் சற்று அகலமான பட்டை. இடது பட்டை வெறுமனே துணைக்கு. ஒவ்வொரு முனையிலும் மூன்று முறை தையல் ஓட்டினார். முடிந்த அன்று மகள் அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பினாள். பை அவள் முதுகோடு ஒட்டிப் பிறந்ததுபோல் இருந்தது.

பட்டியல் வரும்வரை பொறுக்காமல் லேப்டாப் கடைக்குக் கிளம்பும்போது அவர் பையையும் எடுத்துக்கொண்டதைப் பார்த்து மனைவி சிரித்தாள்.

"ஊர்ல எல்லாரும் பொண்ணுக்கு மாப்பிள்ளை தேடுவாங்க. நீங்க பைக்கு மாப்பிள்ளை தேடிப் போறீங்க."

"மாப்பிள்ளை அடக்கமா இருக்கணும், அவ்வளவுதான்" என்றார் அவர்.

கடையில் டை கட்டிய இளைஞர் ஒருவர் அவர்களை உட்கார வைத்து, என்ன படிப்பு என்று கேட்டார். மகள் சொன்னதும் உள்ளே போய்ப் பெரிதாக ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். கறுப்பாக, தடியாக, பின்பக்கம் காற்றுப்போக்கிகளோடு அது மேசைமேல் உட்கார்ந்தது. விசிறி ஓடும் சத்தம் மூன்று பேருக்கும் கேட்டது. அதன் பக்கத்திலேயே இன்னொன்று இருந்தது: வெள்ளி நிறம், மெலிசு, பதினான்கு இன்ச், ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தூக்குவதுபோல் ஒரே கையால் தூக்கலாம். இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை. பெரியதில் காசு உள்ளே போயிருக்கிறது, சின்னதில் காசு மெலிவதற்குப் போயிருக்கிறது என்று இளைஞர் விளக்கினார்.

பைக்காரர் பெரியதைத் தன் பைக்குள் வைத்துப் பார்த்தார். முக்கால்வாசி இறங்கியது. ஜிப்பு மூடவில்லை. சின்னதை வைத்தார். அது வழுக்கிக்கொண்டு உள்ளே போய் அப்படியே அமர்ந்தது. ஜிப்பை இழுத்தார், ஒரே ஓட்டமாக ஓடி மூடியது. அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை மனைவி பார்த்தாள், மகளும் பார்த்தாள்.

இளைஞர் விடவில்லை.

"ஐயா, கட்டடத்தை த்ரீ-டியில வரையணும்னா தனி கிராபிக்ஸ் கார்டு வேணும். ராமும் பதினாறு ஜிபியாவது வேணும். சின்னதுல கார்டே கிடையாது, ராம் எட்டுதான். பார்க்க நல்லா இருக்கும், வேலைக்கு ஆகாது."

"தம்பி, நான் இருபது வருஷமா லேப்டாப்புக்குப் பை தைக்கிறவன்" என்றார் பைக்காரர்.

அவர் சொன்னதில் பொய்யில்லை. ஆனால் அந்த இருபது வருடமும் அவர் பார்த்தது லேப்டாப்பின் வெளிப்பக்கத்தை மட்டும்தான். விற்காத சரக்கைத் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டார். நல்லெண்ணத்தோடு சொல்கிறவன், வியாபாரத்துக்காகச் சொல்கிறவன் இரண்டு பேரும் ஒரே மாதிரி டை கட்டியிருந்தால் ஏழை யாரைத்தான் நம்புவது?

கடைசியில் அவர் மகளிடம் திரும்பி, நீயே சொல் என்றார். அவள் பெரியதைப் பார்த்தாள். அதன்மேல் கையைக்கூட வைத்தாள். பிறகு மூடியிருந்த கருநீலப் பையைப் பார்த்தாள்.

"சின்னதே போதும்ப்பா."

பில் போட்டு முடித்த பிறகு அந்த இளைஞர் வாசல்வரை வந்து, ஒன்று மட்டும் சொன்னார். கல்லூரியில் பட்டியல் தரும்வரை பெட்டியின் சீலை உடைக்காமல் வைத்திருங்கள், பதினைந்து நாளுக்குள் மாற்றித் தர நானே பேசுகிறேன் என்றார். அது அவர் வேலையைச் சேர்ந்த சொல் இல்லை. மனிதராகச் சொன்ன சொல். பைக்காரர் தலையாட்டிவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து அரைமணி நேரம் பொறுத்தார். அதற்குமேல் முடியவில்லை. பையில் வைத்து மகள் முதுகில் மாட்டிப் பார்க்க வேண்டாமா? கத்தரிக்கோலால் சீலை வெட்டினார்.

முதல் வாரம் முடிந்ததும் எப்படிப் போகிறது என்று கேட்டார். நன்றாகப் போகிறது என்றாள் மகள். பட்டியல் வந்ததா என்று கேட்டார். வந்தது, இது போதும் என்று சொன்னார்கள் என்றாள். தோள் வலிக்கிறதா என்று கேட்டார். கொஞ்சம்கூட இல்லை என்றாள். மூன்று பதில்களில் கடைசி ஒன்றுதான் உண்மை.

ஐந்து வாரம் கழித்து ஒரு மதியம், கடைக்கு ஒரு மாணவி வந்தாள். பெரிய பை, பட்டை தையலோடு பிய்ந்து தொங்கியது. பைக்காரர் வாங்கிப் பார்க்கும் முன்பே பதினாறு இன்ச் என்று சொன்னார். அந்தப் பெண் ஆச்சரியப்பட்டு, ஆமாம், இதைச் சுமந்து சுமந்து முதுகே போய்விட்டது என்றாள். எந்தப் படிப்பு என்று கேட்டார். மகளின் படிப்பு, மகளின் வகுப்பு. தன் மகளும் அங்கேதான் என்று சொல்ல அவர் வாயெடுப்பதற்குள் அவள் பேச்சை ஆரம்பித்துவிட்டாள்.

பை கிழிந்தாலும் வேலை நடக்கிறதே, அதுவே பெரிது என்றாள். வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாளாம். கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பை வாங்கி வந்துவிட்டாளாம். நாலு சுவர் எழுப்பும்வரை ஓடுமாம், மாடி போட்டால் நின்றுவிடுமாம். வகுப்பில் எல்லாரும் தங்கள் திரையில் கட்டடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கும்போது அவள் மட்டும் உறைந்துபோன திரைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம். யாரிடமும் கடன் கேட்க மாட்டாள், கேட்டாலும் எல்லாருக்கும் அதே நேரத்தில் அதே வேலை, யார் கொடுப்பார்கள் என்றாள்.

பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள்: "ஆனா அவ பை மட்டும் சூப்பர் அண்ணே. நீலக் கலர். எங்க வாங்கினன்னு எல்லாரும் கேட்டுட்டோம், சொல்லவே மாட்டேங்கிறா."

பைக்காரர் குனிந்து பட்டையைத் தைத்தார். ஊசி இரண்டு தடவை விரலில் ஏறியது. காசு வேண்டாம் என்று சொல்லிப் பையைக் கொடுத்தனுப்பினார். அன்றைக்குக் கடையை மூன்று மணிக்கே மூடிவிட்டார்.

மாலையில் மகள் வந்ததும் எதையும் சுற்றி வளைக்காமல் கேட்டார். அவள் பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். பட்டியலை அதன் முன்னறையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். டை கட்டிய இளைஞர் சொன்னதெல்லாம் அதில் வரிசையாக இருந்தது. பதினாறு ஜிபி. தனி கிராபிக்ஸ் கார்டு. திரை பதினைந்து இன்ச்சுக்குக் குறையக் கூடாது.

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா என்னப்பா பண்ணியிருப்பீங்க?"

"கடையிலயே பெருசு வேணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் நினைச்சேன். பை மூடினப்ப உங்க முகத்தைப் பார்த்தேன். அப்புறம் எப்படிச் சொல்றது?"

எத்தனையோ சின்னத் தப்புக்கெல்லாம் அவரை வறுத்தெடுத்த மனைவி அன்று வாய் திறக்கவில்லை. அவருக்கு அதைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அதே கடைக்குப் போனார். டை கட்டிய இளைஞர் வேறு கிளைக்குப் போய்விட்டாராம். மேலாளர் மரியாதையாகப் பேசினார். சீல் உடைந்தது, நாளும் கடந்துவிட்டது, எங்கள் கையில் எதுவும் இல்லை என்றார். பழுது பார்க்கும் பகுதியில் கேட்டார். இதில் ராம் மதர்போர்டோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருக்கிறது, கழற்றி மாற்ற முடியாது, கார்டு வைக்க இடமே கிடையாது என்றார்கள். பிரித்துத் தைக்க முடியாத பொருள் ஒன்று உலகத்தில் இருக்கும் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. இன்னும் மூன்று இடத்தில் கேட்டார். மூன்றிலும் அதே பதில். பழையதாக விற்றால் என்ன கிடைக்கும் என்று விசாரித்தார். பாதிகூடத் தேறாது என்றார்கள். அந்தப் பாதியில் பெரியதன் பழைய உருப்படிகூட வராது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் செய்த காரியம் வேடிக்கையாகத்தான் இருந்தது. மகளின் பையைக் கடைக்கு எடுத்துப் போய், பக்கத் தையலைப் பிரித்து, இரண்டு இன்ச் துணி சேர்த்துப் பெரிதாக்கினார். வருமென்று எந்த அறிகுறியும் இல்லாத ஒரு லேப்டாப்புக்கு இடம் செய்து வைத்தார். அதுதான் அவருக்குத் தெரிந்த பிரார்த்தனை. திங்கட்கிழமை மகள் அதைச் சுமந்துகொண்டு போனாள். பேருந்தில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் லேப்டாப் உள்ளே இங்கும் அங்கும் உருண்டு இடித்ததாம். புதன்கிழமை அவரே வாங்கி மறுபடியும் பதினான்குக்குக் குறைத்துத் தைத்தார்.

அதற்கு அடுத்த வாரம், கல்லூரியில் துறைத் தலைவரைப் பார்க்கப் போனார். மகளிடம் சொல்லாமல் போனார். துறைத் தலைவர் நல்ல மனிதர். நாற்காலி போட்டு உட்கார வைத்தார். கணினி ஆய்வகத்தில் நல்ல கணினிகள் பன்னிரண்டு இருக்கின்றன என்றார். ஆனால் பகலில் அங்கே மூத்த மாணவர்களுக்கு வகுப்பு. ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். மதியம் ஒரு மணி நேரம் காலியாக இருக்கும். ஆனால் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு அது சாப்பாட்டு நேரம், அப்போது பூட்டித்தான் இருக்கும். முதல் பருவத்தின் வடிவமைப்புப் பாடத்தில் தேறாதவர்கள் இந்தப் படிப்பில் தொடர முடியாது, வேறு துறைக்கு மாற வேண்டும் என்ற விதியையும் தயக்கத்தோடு நினைவூட்டினார். உங்கள் மகளுக்குக் கண் இருக்கிறது, கை இருக்கிறது, கருவிதான் இல்லை என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

வெளியே வந்தபோது மணி ஒன்றேகால். ஆய்வகம் எங்கே என்று கேட்டு, சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று இரண்டாவது மாடிக்கு ஏறினார். நீண்ட நடைபாதையின் கடைசியில் ஆய்வகம். பூட்டியிருக்க வேண்டிய கதவு பாதி திறந்திருந்தது. வாசலில் ஓர் இரும்பு ஸ்டூல். அதன் ரெக்சின் உறை நடுவில் கிழிந்து, பஞ்சு போய், விளிம்புக் கம்பி வெளியே தெரிந்தது. கம்பி குத்தாமல் இருக்கச் செய்தித்தாளை நாலாய் மடித்துப் போட்டு, அதன்மேல் ஒரு பெண்மணி உட்கார்ந்து மடியில் டப்பாவை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. செருப்பைக் கழற்றித் தரையின் குளிர்ச்சியில் பாதங்களை வைத்திருந்தாள்.

கதவின் இடைவெளியில் மகளின் முதுகு தெரிந்தது. பெரிய திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரையில் ஒரு கட்டடம் தடங்கலில்லாமல் மெல்லச் சுழன்றது.

யாரைப் பார்க்க வேண்டும் என்று அந்தப் பெண்மணி கேட்டாள். பைக்காரர் சட்டென்று, அலுவலகம் எங்கே என்று கேட்டார். தகப்பன் என்று சொல்ல நாக்கு வரவில்லை. அவள் வழி சொன்னாள். அவர் நகராமல், சாப்பாட்டை உள்ளே உட்கார்ந்து சாப்பிடலாமே என்று கேட்டார்.

"உள்ள சாப்பிடக் கூடாதுன்னு சட்டம். நான் கீழ சாப்பாட்டு அறைக்குப் போனா கதவைப் பூட்டணும்னும் சட்டம். பூட்டினா இந்தப் பொண்ணு எங்க போவா? நான் எங்க உட்கார்ந்து தின்னா என்ன, சோறு வயித்துக்குத்தானே போகுது."

எத்தனை நாளாக என்று கேட்டார். ஒரு மாதம் இருக்கும் என்றாள், கணக்கு வைத்துக்கொள்ளாதவளைப் போல. கீழே சாப்பாட்டு அறையில் சாய்வு நாற்காலி இருக்கிறது, காலை நீட்டலாம், அதைத்தான் நினைத்துக்கொள்வேன் என்று சொல்லிச் சிரித்தாள். நல்லது செய்கிறவர்கள் பலருக்குத் தாங்கள் செய்வது நல்லது என்று தோன்றுவதே இல்லை. ஏதோ நடந்துகொண்டிருக்கிற காரியம் என்றுதான் அவர்களுக்குத் தோன்றும். கடவுள் அவர்களை அப்படி மறதியோடு படைத்திருப்பதால்தான் இந்த உலகம் கொஞ்சமாவது ஓடுகிறது.

பைக்காரர் மகள் திரும்பிப் பார்ப்பதற்குள் படியிறங்கிவிட்டார்.

அந்த ஒரு மணி நேரம் காப்பாற்றிவிடும் என்று அவர் நம்பினார். கடையில் வேலை செய்துகொண்டிருக்கும்போது ஒரு மணி ஆனால் கடிகாரத்தைப் பார்ப்பார். இப்போது கதவு திறந்திருக்கும், இப்போது உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வார். இரண்டு மணிவரை மனதுக்குள் இயந்திரம்போல ஒரே வரியை ஓட்டிக்கொண்டிருப்பார். மகளும் மெலிந்தாள், மதியச் சாப்பாட்டை மாலைப் பேருந்தில் நின்றுகொண்டே சாப்பிட்டாள். ஆனால் முகத்தில் ஏதோ தெளிவு வந்திருந்தது. பருவ இறுதிக்குக் கொடுக்க வேண்டிய கட்டடத்தைக் காகிதத்தில் வரைந்து காட்டினாள். அது ஒரு சிறிய பள்ளிக்கூடம். எல்லா வகுப்பிலும் காலை வெயில் விழுந்தது. மாடிப்படிக்கு அடியில் யாரும் உட்கார வேண்டியிராதபடி அந்த இடத்தை வெளிச்சம் வரும் சன்னலாக்கியிருந்தாள். மனைவி அதைப் பார்த்துவிட்டு, "உங்க அப்பாவுக்குக் கடை வைக்க இடமே விடலியேடி" என்றாள். வெகுநாள் கழித்து மூன்று பேரும் சிரித்தார்கள்.

ஐந்து படங்கள் கொடுக்க வேண்டும். வரைந்ததை, வெளிச்சமும் நிழலுமாக உண்மையான கட்டடம்போல் தெரியும் படமாகக் கணினி மாற்றித் தர வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் கணினி விடாமல் மூன்று நான்கு மணி நேரம் ஓட வேண்டும். மற்றவர்கள் தங்கள் பெரிய லேப்டாப்பை ஓடவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள். ஆய்வகக் கணினியில் கிடைப்பதோ ஒரு மணி நேரம். அடுத்த வகுப்பு வந்ததும் நிறுத்திவிட வேண்டும், பாதியில் நிறுத்தினால் ஓடியதெல்லாம் வீண். மகள் படங்களைச் சிறியதாக்கினாள், மரங்களை எடுத்தாள், கண்ணாடிகளை எடுத்தாள், ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும்படி பள்ளிக்கூடத்தைத் துண்டு துண்டாகக் கழித்துக்கொண்டே வந்தாள். அந்தப் பெண்மணி கடைசி வாரத்தில் இரண்டு நாள், ஐந்து மணிக்குப் பிறகும் சாவியைக் கொடுக்காமல் சுணங்கி நின்று, காவலாளியிடம் பேச்சு வாங்கிக்கொண்டாளாம். மூன்று படம் வந்தது. மீதி இரண்டையும் வீட்டில் தன் வெள்ளி லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தாள். அது கொதித்தது, கொதித்து அணைந்தது. மறுபடியும் போட்டாள். மறுபடியும் அணைந்தது. பைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து அட்டையால் அதற்கு விசிறிக்கொண்டிருந்தார், காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு விசிறுவதுபோல.

இரண்டு தாள்கள் வெறுமையாகப் போயின. மகள் தேறவில்லை.

மேல்முறையீடு எழுதிக் கொடுத்தார்கள். துறைத் தலைவர் பரிந்து பேசினார் என்று கேள்வி. விதி விதிதான் என்று பதில் வந்தது. விடுமுறைக்குள் வேறு துறைக்கு மாற்றம் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். அலுவலக நிர்வாகப் படிப்பில் இடம் இருந்தது. கடிதம் எழுதுவது, கட்டம் போட்டு எண்களை நிரப்புவது, இப்படி. அந்தத் துறையின் எழுத்தர் மகளின் லேப்டாப்பைப் பார்த்துவிட்டு, இந்தப் படிப்புக்கு இது தாராளம், ரொம்ப நல்லதாகவே வாங்கியிருக்கிறீர்கள் என்றாராம். மகள் அதை வீட்டில் வந்து சொன்னபோது குரலில் கோபம் இல்லை, கிண்டலும் இல்லை. அதனால்தான் பைக்காரரால் அன்று சோற்றில் கை வைக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தின் படங்களைச் சுருட்டி அவள் பரணில் வைத்தாள். பையை மட்டும் மாற்றச் சொல்லவில்லை. அதே பைதான், அதே லேப்டாப்தான். தோள் வலிக்கவில்லை.

மாற்றத் தாளில் தகப்பன் கையெழுத்து வேண்டும். விடுமுறையின் நடுவில் ஒரு திங்கட்கிழமை காலை இருவரும் கல்லூரிக்குப் போனார்கள். வளாகம் ஓய்ந்து கிடந்தது. அலுவலகத்தில் ஒரே ஒரு சன்னல்தான் திறந்திருந்தது, அதன் முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசை. பைக்காரர் மகளை வரிசையில் நிற்கச் சொன்னார். முறை வரும்போது கூப்பிடு, அதற்குள் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத் துணிப்பை ஒன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார்.

இரண்டாவது மாடியில் யாரும் இல்லை. ஆய்வகக் கதவு பூட்டியிருந்தது. விடுமுறை முடியும்வரை அந்தப் பெண்மணி வரமாட்டாள். ஸ்டூல் மட்டும் வாசலிலேயே, மடித்த செய்தித்தாளோடு இருந்தது.

அவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். ஸ்டூலைக் கவிழ்த்து, துருப்பிடித்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் காகிதத்தில் பொதிந்தார். பழைய உறையை எடுத்தார். வளைந்து நின்ற கம்பியைக் குறடால் உள்பக்கம் மடக்கி, கையால் தடவித் தடவி, எங்கும் குத்தவில்லை என்று பார்த்தார். பிறகு கெட்டிப் பஞ்சை மூன்று அடுக்காக வைத்தார். முன் விளிம்பில் மட்டும் இன்னொரு மடிப்பு, தொடைக்கு அடியில் நரம்பு அழுந்தாமல் இருக்க. பழுப்பு நிறத் தடித்துணியை அதன்மேல் இழுத்துப் போர்த்தி, அடியில் பெரிய ஊசியால் தைக்க ஆரம்பித்தார். கண் இரண்டு தடவை மறைத்தது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு தைத்தார். எந்த வேண்டுதலும் அவர் வாயில் வரவில்லை. கை மட்டும் நின்று நிதானமாக வேலை செய்தது. மூலைகளில் மூன்று முறை ஓட்டி, முடிச்சுகளை உள்ளே தள்ளி, வெளியே தெரியாமல் அடக்கினார்.

ஸ்டூலை நிமிர்த்தி உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். அது மெல்ல அமுங்கி எழுந்தது. கீழேயிருந்து மகள் கூப்பிடும் குரல் படிக்கட்டு வழியாக வந்தது. உதிர்ந்து கிடந்த பஞ்சுத் துணுக்குகளையும் நூலையும் கூட்டி அள்ளித் துணிப்பையில் போட்டுக்கொண்டார். செய்தித்தாளை நாலாய் மடித்து, முன்பு இருந்தது போலவே அதன்மேல் வைத்துவிட்டு, கையெழுத்துப் போடக் கீழே இறங்கினார்.